குடம் தானாக விழவில்லை

பாட்டு தொடங்கிப் பத்து விநாடிகூட ஆகியிருக்காது. “இது நம்ம பாட்டு இல்லடா, சுருதி இறங்கியிருக்கு” என்றாள் அக்கா. கடந்த மே விடுமுறையில் அவள் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். 1967ஆம் ஆண்டு வெளிவந்த டிஸ்னியின் ‘தி ஜங்கிள் புக்’ படத்தை ப்ளூ-ரே வட்டில் போட்டுவிட்டு, அவள் மகனையும் என் மகளையும் தரையில் உட்கார வைத்து, நாங்கள் இருவரும் பின்னால் சோபாவில் சாய்ந்திருந்தோம். பலூ என்னும் கரடி, காட்டில் வளரும் சிறுவன் மோக்லிக்குக் கவலையில்லாமல் வாழும் வழியைச் சொல்லிக் கொடுக்கிற அந்தப் பாட்டை அக்கா ஏழாம் வகுப்பிலிருந்து பாடிக்கொண்டிருக்கிறாள். ஆங்கில வார்த்தைகளில் பாதி தப்பாக இருக்கும். மெட்டு மட்டும் பிசகவே பிசகாது. எட்டு ஆண்டுகள் பாட்டு கற்றுக்கொண்டவளின் காதோடு நான் வாதாடுவதில்லை. ஆனாலும் அன்றைக்குச் சிரித்துவிட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் டிவியில் கேட்ட ஒரு பாட்டின் சுருதி யாருக்காவது நினைவில் இருக்குமா?

அவளுக்கு இருந்தது. திரைப்படம் விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடுவது. நம் நாட்டில் புழங்கிய ‘பால்’ தொலைக்காட்சி முறையோ விநாடிக்கு 25 ஃப்ரேம் கேட்பது. இந்த ஒரு ஃப்ரேம் வித்தியாசத்தைச் சரிக்கட்ட, படத்தையே கொஞ்சம் வேகமாக ஓட்டிக் கேசட்டில் பதிந்துவிடுவார்கள். நூற்றுக்கு நான்கு பங்கு வேகம் என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 78 நிமிடப் படம் 75 நிமிடத்தில் முடிந்துவிடும். பேச்சும் பாட்டும், ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் நடுவில் உள்ள தூரத்தில் முக்காலுக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறிவிடும். அக்கா தன் சிறுவயது முழுவதும் பாடியது அந்த ஏறிய சுருதியில்தான். வட்டில் இருப்பது 24 ஃப்ரேம் வேகம் என்பதால், பலூவாகப் பாடிய ஃபில் ஹாரிஸின் உண்மையான குரலை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டோம். அவளுக்கு அது பிடிக்கவில்லை. கரடிக்குச் சளி பிடித்ததுபோல் இருக்கிறதாம்.

அந்தக் கோடை விடுமுறையில் நான்கு படங்கள் பார்த்தோம். எல்லாமே பள்ளி நாட்களில் கேசட்டில் தேயத் தேயப் பார்த்து, அதற்குப் பிறகு தொடாமலே இருந்தவை. அவற்றில் பெரும்பகுதியை நாங்கள் அப்போது பார்க்கவே இல்லை என்பதுதான் இந்த ஒரு மாதத்தில் எனக்கு உறைத்தது.

எங்கள் வீட்டுக்கு டெக் வந்தது 1994ஆம் ஆண்டில். பெட்டியின்மேல் வி.சி.ஆர். என்று அச்சிட்டிருந்தாலும் மன்னார்குடியில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கல்யாண வீட்டில் எடுத்து வந்தாலும், தெருவில் வாடகைக்கு வைத்து விடிய விடியப் படம் போட்டாலும் அது டெக்தான். சிங்கப்பூரில் இருந்த மாமா ஊருக்கு வந்தபோது அதைக் கொண்டு வந்தார். கூடவே எங்களுக்கென்று மூன்று கேசட்டுகள்: ‘பாம்பி’, ‘டம்போ’, ‘தி ஜங்கிள் புக்’. தடித்த புத்தகம்போல் திறந்து மூடுகிற பிளாஸ்டிக் உறைக்குள் அவை இருந்தன. அந்த உறையின் வாசனையைக்கூட இப்போது என்னால் சொல்ல முடியும். இந்தப் படங்களைக் கொஞ்ச காலம் விற்றுவிட்டு, பிறகு சில ஆண்டுகள் கடைகளிலிருந்து விலக்கி வைத்து, அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்ததும் மறுபடி வெளியிடுவது டிஸ்னி நிறுவனம் நெடுங்காலம் கடைப்பிடித்த வியாபார முறை. மாமா வாங்கிய நேரம் நல்ல நேரமாக இருந்திருக்க வேண்டும். நான்காவது படமான ‘நூற்றொரு டால்மேஷன்கள்’ எங்கள் ஊர் வாடகைக் கடையில் கிடைத்தது. நகலின் நகலின் நகல். நாய்க்குட்டிகளின் உடம்பில் இருக்கும் புள்ளி எது, நாடாவில் இருக்கும் புள்ளி எது என்று பிரிக்க முடியாது.

மழைக்காலம் முடிந்தால் கேசட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்துவிடும். அதைக் கவனிக்காமல் போட்டால் டெக்கின் ஹெட்டில் அது அப்பிக்கொண்டு படம் முழுவதும் மழை பெய்யும். அப்பா வெள்ளைத் துணியில் ஸ்பிரிட் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைப்பார். அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. பிறகு டிராக்கிங் குமிழைத் திருகித் திருகி, திரையின் அடியில் நெளிகிற பட்டையைக் கீழே தள்ள வேண்டும். அது ஒருபோதும் முழுதாகப் போனதில்லை. மோக்லியின் பாதங்களை நான் இந்த ஆண்டுதான் ஒழுங்காகப் பார்த்தேன்.

வட்டில் முதலில் கண்ணில் பட்டது கோடுகள். காட்டின் நிறமோ ஒளியோ அதற்குப் பிறகுதான். ஷேர் கான் என்னும் புலி புல்வெளியில் மானை நோக்கிப் பதுங்கி வருகிறது. அதன் தோள்பட்டையைச் சுற்றியுள்ள வெளிக்கோடு ஒரே கோடாக இல்லை. இரண்டு மூன்று கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சில இடங்களில் தடித்து, சில இடங்களில் மயிரிழையாக மெலிந்து, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் லேசாக நடுங்குகின்றன. தாடையின் கீழ், வரைந்தவர் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொண்ட கோட்டின் மிச்சம்கூடத் தெரிகிறது. என் மகள் ரிமோட்டை வாங்கி நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். “அப்பா, இவங்க ரப்பர் வச்சு அழிக்கலையா?” என்று கேட்டாள்.

அழிக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் 1959ஆம் ஆண்டு வந்த ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ படத்திலிருந்து தொடங்குகிறது. அதுவரை டிஸ்னியின் முழுநீளப் படங்களில் ஓவியர் தாளில் பென்சிலால் வரைந்ததை, வேறொருவர் ஒளி ஊடுருவும் செல் தாளின்மேல் மையால் பிரதி எடுப்பார். அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கோடு தடிக்காமல், நடுங்காமல், நிறத்துக்கேற்ற மையில் ஆயிரக்கணக்கான செல்களை அவர்கள் வரைந்து தள்ளினார்கள். நாம் திரையில் பார்த்த அந்தக் குற்றமற்ற கோடு அவர்களுடைய கை. ‘ஸ்லீப்பிங் பியூட்டி’க்குச் சுமார் 60 லட்சம் டாலர் செலவானது, முதல் வெளியீட்டில் போட்ட பணம் திரும்பவில்லை. வேலையாட்கள் குறைக்கப்பட்டார்கள். அடுத்து எடுக்க வேண்டியதோ நூற்றொரு நாய்கள், உடம்பெல்லாம் புள்ளிகளோடு ஓடுகிற படம். அதைக் கையால் பிரதி எடுக்க நினைத்திருந்தால் ஸ்டுடியோவையே மூடியிருக்க வேண்டும்.

வால்ட் டிஸ்னியோடு சேர்ந்து மிக்கி மவுஸை உருவாக்கிய அப் ஐவர்க்ஸ் என்பவர், அலுவலகங்களில் தாளை நகல் எடுக்கிற ஜெராக்ஸ் முறையை மாற்றியமைத்து, ஓவியரின் பென்சில் கோட்டை நேராக செல் தாளுக்கே கொண்டு போகும்படி செய்தார். நம் ஊரில் ரேஷன் அட்டையை நகலெடுக்கிற அதே தத்துவம்தான். 1961இல் வந்த ‘நூற்றொரு டால்மேஷன்கள்’ இந்த முறையில் முழுவதுமாக எடுத்த முதல் முழுநீளப் படம். அதில் மொத்தம் 64,69,952 புள்ளிகள் இருப்பதாக ஸ்டுடியோ விளம்பரத்துக்குக் கணக்குச் சொன்னது. எண்ணியவர் யாரோ, பாவம். ஓவியர்களுக்குத் தங்கள் சொந்தக் கோடு முதன்முறையாகத் திரைக்கு வந்ததில் மகிழ்ச்சி. வால்ட் டிஸ்னிக்கு அந்தத் தோற்றம் பிடிக்கவில்லை. கலை இயக்குநராக இருந்த கென் ஆண்டர்சனிடம் அவர் நெடுநாள் முகம் கொடுக்கவில்லை. மையால் பிரதி எடுத்த பெண்களில் பலருக்கு அந்த வேலையே இல்லாமல் போயிற்று என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். கோடு உயிரோடு இருக்கிறது என்று நான் இங்கே உருகிக்கொண்டிருப்பது அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான்.

இந்தப் படங்களைக் கேசட்டில் பார்த்தபோது எங்களுக்குத் தெரிந்தவை நிறமும் அசைவும் மட்டுமே. வி.எச்.எஸ். நாடாவில் குறுக்குவாட்டில் பிரித்தறியக்கூடிய நுணுக்கம் சுமார் 240 கோடுகள். அதிலும் வாடகைக் கடை நகல் என்றால் அதில் பாதிதான் மிஞ்சும். பென்சில் கோடு அதில் எங்கே தெரியும்? எல்லா உருவங்களும் ஓரம் மழுங்கி, சிவப்பு நிறம் கோட்டைத் தாண்டி வழிந்து, பஞ்சுப் பொம்மைகளைப்போல் இருந்தன. அவை எங்கோ தாமாகவே இருக்கின்றன என்றுதான் நினைத்திருந்தேன். ஒருவர் உட்கார்ந்து வரைந்திருப்பார் என்று தோன்றியதே இல்லை. இப்போது ஷேர் கானைப் பார்த்தால், புலிக்கு முன்னால் மில்ட் கால் என்ற மனிதரின் கைதான் தெரிகிறது. அந்தப் புலி படத்தில் பாதிக்கு மேல் கடந்த பிறகுதான் வருகிறது; வந்தாலும் கடைசிச் சண்டைவரை பெரிதாக எதுவும் செய்வதில்லை. நடக்கிறது, ஒரு நகத்தை நீட்டிப் பார்க்கிறது, கா என்னும் மலைப்பாம்பிடம் மரியாதையாக விசாரிக்கிறது. கழுத்தைத் திருப்புவதற்கு முன்னால் கண் மட்டும் திரும்புகிற அந்த இடைவெளியில் இருக்கிறது அதன் அச்சம் முழுவதும். சிறுவயதில், அதுவரை புலி கத்தவில்லையே, பாயவில்லையே என்று எனக்குப் பெரிய ஏமாற்றம்.

சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பினால் இந்தக் கோடுகளுக்கே ஆபத்து வந்துவிடும். அதே பத்தாண்டைச் சேர்ந்த இன்னொரு படத்தையும் வட்டில் வாங்கினேன், பெயர் வேண்டாம். பழைய படச்சுருளின் பொடிமணியை நீக்குவதற்குக் கணினியை ஏவியவர்கள், அது பென்சில் கோட்டையும் அழுக்கென்று எடுத்துக்கொண்டு துடைத்துவிட்டதைக் கவனிக்கவில்லை. முகங்கள் மெழுகு பூசியதுபோல் வழுக்குகின்றன; வேகமாக அசைகிற இடங்களில் விரல்கள் காணாமல் போகின்றன. கேசட்டில் இருந்த மங்கலாவது வழியில் நேர்ந்த இழப்பு. இது காசு செலவழித்து, கருவி வைத்து உண்டாக்கிய மங்கல். பத்து நிமிடத்துக்கு மேல் பார்க்க மனம் வரவில்லை.

சட்டத்தின் அளவு இன்னொரு வேடிக்கை. ‘தி ஜங்கிள் புக்’ பழைய சதுரச் சட்டத்தில் வரைந்து படமாக்கி, திரையரங்கில் மேலும் கீழும் மறைத்து அகலமாகக் காட்டப்பட்ட படம். கேசட்டுக்கு அந்த மறைப்பை எடுத்துவிட்டார்கள். வட்டில் திரையரங்கு அளவே இருக்கிறது. ஆகவே எங்கள் மங்கல் கேசட்டில்தான் படம் அதிகம்! சில காட்சிகளில் தலைக்கு மேல் நிறைய இலைகள் இருந்ததாக எனக்கு ஒரு நினைவு உறுத்திக்கொண்டே இருந்தது, அது தப்பில்லை. அகலத்திரைக்கென்றே எடுத்த ‘லேடி அண்ட் த டிராம்ப்’ போன்ற படங்களுக்கு நேர்ந்தது இதற்கு எதிர்மாறான கதி. சதுர டிவிக்காக இடமும் வலமும் வெட்டி, பேசுகிறவரைத் தேடி கேமரா அலைவதுபோல் செய்து கேசட்டில் ஏற்றினார்கள்.

‘பாம்பி’யைத் தனியாகத்தான் பார்த்தேன். அக்கா அந்தப் பக்கமே வரமாட்டேன் என்றாள். 1994ஆம் ஆண்டிலும் அப்படித்தான், தாய்மான் சாகிற இடம் வருவதற்கு முன்பே சமையலறைக்குப் போய்விடுவாள். அந்தக் காட்சியில் தாய் விழுவதையும், பனியில் இரத்தம் சிந்துவதையும் பார்த்ததாக எனக்கு உறுதியான நினைவு. படத்தில் அப்படி எதுவும் இல்லை. இருவரும் ஓடுகிறார்கள். ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. குட்டி புதருக்குள் வந்து சேர்ந்து, பின்னால் தாய் வரவில்லை என்று கண்டு, கொட்டுகிற பனியில் கூப்பிட்டுக்கொண்டே திரிகிறது. அவ்வளவுதான். எனக்குப் பொறுக்காதது அதற்கு அடுத்த காட்சி. தகப்பன் மான் வந்து இரண்டு சொல் பேசி அழைத்துச் சென்ற உடனேயே, வசந்தகாலம் வந்துவிட்டதென்று பறவைகள் கூட்டமாகப் பாடத் தொடங்கிவிடுகின்றன. அழுகிற பிள்ளையின் வாயில் மிட்டாயைத் திணிப்பதுபோல் இருக்கிறது. எட்டு வயதில் அந்த மிட்டாயை வாங்கிக்கொண்டவன்தான் நானும்.

அந்தப் படத்தின் காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கேசட்டில் ‘பாம்பி’ எப்போதும் புகைமூட்டமாகத் தெரியும். டெக்கில்தான் கோளாறு என்று அப்பா இரண்டு முறை ஹெட்டைத் துடைத்தார். இப்போது வட்டில் பார்த்தால் அந்த மூட்டம் அப்படியே இருக்கிறது. அது வரைந்த மூட்டம்! 1910இல் சீனாவில் பிறந்து, சிறுவனாகத் தகப்பனோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறிய டைரஸ் வாங் என்ற ஓவியர், டிஸ்னியில் இரண்டு அசைவுகளுக்கு இடைப்பட்ட படங்களை வரைகிற கீழ்நிலை வேலையில் இருந்தார். ‘பாம்பி’க்கான காடு எப்படி இருக்கலாம் என்று அவராகவே சில மாதிரிகள் தீட்டிக் கொடுத்தார். மற்றவர்கள் இலை இலையாக, புல் புல்லாக வரைந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, சீனத்துப் பழைய நிலக்காட்சி ஓவியங்களின் வழியில் அவர் நடுவில் ஒரு மரத்தைக் காட்டிவிட்டு மிச்சத்தைப் பனிக்குள் கரைய விட்டார். மான் நிற்கிற இடத்தில் மட்டும் வெளிச்சம். ஓரங்களில் தூரிகையின் ஈரம். படம் முழுவதும் அந்த வழியில் போனது. 1941இல் ஸ்டுடியோவில் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அந்த நிறுத்தத்தில் அவர் பங்கெடுத்திருக்கவும் இல்லை. படம் 1942இல் வந்தபோது பின்னணி ஓவியர்களில் ஒருவராக மட்டும் பெயர் போட்டார்கள். 2016ஆம் ஆண்டு டிசம்பரில், 106ஆம் வயதில் அவர் காலமானபோது உலகப் பத்திரிகைகள் எழுதிய பிறகுதான் எனக்கு அவர் பெயரே தெரியும். எங்கள் அப்பா ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கப் பார்த்தது அவர் தீட்டிய பனியை.

அந்த வேலைநிறுத்தம் ‘டம்போ’ படத்துக்குள்ளேயே புகுந்திருக்கிறது. 64 நிமிடம் மட்டுமே ஓடுகிற சிறிய படம் அது. எடுத்து முடிக்கும் தறுவாயில், 1941 மே மாத இறுதியில், ஓவியர்களில் பலர் ஸ்டுடியோ வாசலில் பதாகையோடு நின்றார்கள். படத்தில் கோமாளிகள் சிலர் கூடாரத்துக்குள் குடித்துக்கொண்டே, முதலாளியிடம் போய்ச் சம்பள உயர்வு கேட்போம் என்று பாடிக்கொண்டு கிளம்புகிறார்கள். திரைச்சீலையில் அவர்களுடைய நிழல் மட்டும் தெரியும். வேலைநிறுத்தக்காரர்களைக் கேலி செய்து வைத்த காட்சி அது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அதே படத்தில், இரவு மழையில் சர்க்கஸ் கூடாரம் அடிக்கிற கறுப்பினத் தொழிலாளர்களுக்கு முகமே வரையவில்லை. அவர்கள் பாடுகிற பாட்டில் எழுத்தறிவில்லை, சம்பளம் வந்தால் வீசிவிடுவோம் என்று அவர்களையே சொல்ல வைத்திருக்கிறார்கள். சிறுவயதில் அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. மின்னலும் சம்மட்டியும் தாளத்துக்கு விழும், ஆங்கிலம் புரியாது. இந்த முறை மகளுக்கு அதை மொழிபெயர்க்க வேண்டி வந்தபோது, சங்கடத்தோடு நிறுத்தி, நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு, “அப்போ யானைக்குட்டிக்கு மட்டும் பாவம் பார்த்தாங்களா?” என்றாள்.

யானைக்குட்டிக்குப் பாவம் பார்த்தார்கள்தான். சங்கிலியிட்டுப் பூட்டிய தாய்யானை, கம்பிக்கு வெளியே தும்பிக்கையை மட்டும் நீட்டிக் குட்டியைத் தாலாட்டுகிற இடத்தில் நான் மறுபடியும் அழுதேன். அதில் எந்தத் திறனாய்வும் எனக்கு உதவவில்லை. தாய்யானைக்கு ஒரே ஒரு சொல்தான் வசனம். அந்தக் குரலைக் கொடுத்த வெர்னா ஃபெல்டன், கால் நூற்றாண்டு கழித்து ‘தி ஜங்கிள் புக்’ படத்தில் யானைப்படைத் தலைவன் ஹாத்தியை அதட்டி வழிக்குக் கொண்டுவருகிற மனைவி யானையாகவும் பேசினார். 1966 டிசம்பர் 14 அன்று அவர் இறந்தார். மறுநாள் வால்ட் டிஸ்னி இறந்தார். படம் வெளிவர அப்போது பத்து மாதம் பாக்கி.

அந்தப் படத்தில் எங்களுக்குத் தனி உரிமை இருப்பதாக நானும் அக்காவும் நினைத்துக்கொண்டிருந்தோம். காடு இந்தியக் காடு, பெயர்கள் இந்தியில் கரடி, யானை, புலி என்று அப்படியே வைத்த பெயர்கள். ஆனால் இந்தி தெரியாத எங்களுக்கு அதுவும் பிறகுதான் தெரிந்தது. 1993இல் தூர்தர்ஷனில் ஜப்பானியர் எடுத்த மோக்லி தொடர் இந்தியில் வந்தபோது, குல்சார் எழுதிய தலைப்புப் பாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே அமைதியாகிவிடும். எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை புரிந்ததில்லை. ஆக மொத்தம், எங்கள் மோக்லி புரியாத ஆங்கிலம் ஒன்றிலும் புரியாத இந்தி ஒன்றிலும் வளர்ந்தவன். படத்துக்கு மூலமான கிப்ளிங்கின் கதையில் கா மோக்லிக்கு நண்பன், குரங்குகளுக்கு அரசனே கிடையாது, உராங்குட்டான் இந்தியக் காட்டில் இருந்ததும் இல்லை. படத்துக்காக லூயி என்ற உராங்குட்டான் ராஜாவை உண்டாக்கி, லூயி ப்ரீமாவைப் பாட வைத்தார்கள். தப்புத்தான். ஆனால் அந்தப் பாட்டில் பலூ தேங்காய் மூடியை வாயில் மாட்டி, இலைப் பாவாடையோடு இடிந்த கோயிலுக்குள் புகுந்து ஆடும்போது, விலங்கியல் பேசுகிறவரை நான் வெளியே அனுப்பிவிடுவேன்.

அந்த ஆட்டத்தின் அசைவுகளை வேறு படத்திலும் பார்த்திருக்கிறேனே என்று இந்த முறை அக்கா மகன் கண்டுபிடித்தான். 1973இல் வந்த ‘ராபின் ஹூட்’ படத்தில் இன்னொரு கரடி அதே அசைவுகளை ஆடுகிறது. பழைய வரைபடத்தை எடுத்து, அதன்மேல் புதிய உடுப்பு மாட்டியிருக்கிறார்கள். குரலும் அதே ஃபில் ஹாரிஸ். ‘தி ஜங்கிள் புக்’ தொடக்கத்தில் ஓநாய்க் குட்டிகள் மோக்லியை விழுத்தி நக்குவதும் முந்தைய ‘தி ஸ்வார்ட் இன் த ஸ்டோன்’ படத்தின் நாய்களிடமிருந்து வந்ததே. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இதைக் கண்டுபிடித்ததில் இருந்த ஆனந்தம், படம் பார்த்ததில் இருந்ததைவிட அதிகம். கஞ்சத்தனம் என்றான். என் வீட்டில் அக்காவின் பாவாடையைப் பிரித்து எனக்குத் தலையணை உறை தைத்ததுண்டு என்றேன்.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். காட்டின் ஓரத்தில், மனிதர்கள் வாழும் ஊரிலிருந்து ஒரு பெண்பிள்ளை பாடிக்கொண்டே தண்ணீர் எடுக்க வருகிறாள். அப்பா வேட்டைக்குப் போவார், அம்மா வீட்டில் சமைப்பாள், நான் தண்ணீர் எடுக்கிறேன், நாளைக்கு எனக்கும் கணவன் வந்து மகள் பிறந்தால் அவளைத் தண்ணீருக்கு அனுப்புவேன் என்பது அந்தப் பாட்டின் பொருள். இதை நான் தமிழில் சொன்னதும், ஒரு குடும்பத்தையே வேலைக்குப் போய்க் காப்பாற்றுகிற அக்கா சோபாவிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். “இதைத்தானா நான் ஆண்டுவிழாவில பாடினேன்?” என்றாள். ஆமாம், ஐந்நூறு பேர் முன்னால், ஏறிய சுருதியில்.

மோக்லி மரத்தில் ஏறி அவளைப் பார்க்கிறான், கிளை முறிந்து தண்ணீரில் விழுகிறான். அவள் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஊரை நோக்கி நடக்கிறாள். குடம் சரிந்து உருண்டு அவன் காலடியில் வந்து நிற்கிறது. அவன் அதை எடுத்து மறுபடி நிரப்பி, தலையில் சுமந்துகொண்டு அவள் பின்னாலேயே போய்விடுகிறான். மனிதருக்கிடையே போக மாட்டேன் என்று 70 நிமிடம் அடம் பிடித்தவன், கடைசி நிமிடத்தில் ஒரு குடத்துக்காகப் போகிறான். எங்கள் கேசட்டில் இந்தக் காட்சி நிறையத் தேய்ந்திருந்தது. குடம் தவறி விழுந்தது என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. பாவம், தலையில் குடம் வைத்து நடக்கத் தெரியாத பெண் என்றே நினைத்திருந்தேன்.

“அவளே தள்ளிவிட்டாப்பா” என்றாள் மகள்.

இல்லை என்றேன். ரிமோட் மறுபடி கைமாறியது. ஃப்ரேம் ஃப்ரேமாக ஓட்டினோம். ஆலி ஜான்ஸ்டன் வரைந்த அந்த முகத்தில், குடம் அசைவதற்கு முன்பே கண்மணி இரண்டும் ஓரத்துக்குப் போகின்றன. பிறகுதான் குடம் சாய்கிறது. இமையின் கோடு அத்தனை மெல்லியது; எங்கள் நாடாவில் அது இருந்திருக்க வாய்ப்பே இல்லை. நான் ஆச்சரியத்தோடு அதையே பார்த்துக்கொண்டிருக்க, படம் மேலே ஓடியது. மறைவில் நின்று பார்க்கும் பலூ, அவள் வேண்டுமென்றே செய்தாள் என்று பகீரா என்னும் கருஞ்சிறுத்தையிடம் பொருமுகிறது. தெரிந்ததுதானே என்கிறது பகீரா. அத்தனை பேருக்கும் கேட்கிற குரலில், தெளிவான ஆங்கிலத்தில் படமே அதைச் சொல்லிவிட்டிருக்கிறது.

அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முறுக்கு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு அப்பவே தெரியும்” என்றாள்.